முடிவு முன்பே தெரிந்த மாநிலத்தில் அதிபர் தேர்தல்: நெப்ராஸ்காவில் என் வாக்குக்கு என்ன மதிப்பு?

கேள்வி: கியர்னிவாசி

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் நெப்ராஸ்கா மாநிலத்தின் நடுப்பகுதியில், பிளாட் ஆற்றையொட்டி இருக்கும் கியர்னி நகரில் பல ஆண்டுகளாக வசிக்கிறோம். அண்மையில் எங்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. 2028-இல் நடக்கவிருக்கும் தேர்தலில்தான் நான் முதன்முதலாக அமெரிக்க அதிபருக்கு வாக்களிக்கப் போகிறேன். அதற்கு முன்பே என்னைத் தயார்ப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று நினைத்துப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்கச் சோர்வுதான் மிஞ்சியது.

இந்த மாநிலம் கடைசியாக ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தது 1964-இல், லிண்டன் ஜான்சன் காலத்தில். அதன்பிறகு ஒருமுறைகூட இல்லை. 2024-இல் டிரம்புக்கு மாநில அளவில் 59 சதவீதமும் கமலா ஹாரிஸுக்கு 39 சதவீதமும் கிடைத்தன. மாநிலத்தின் மூன்று நாடாளுமன்றத் தொகுதிகளில் நான் வசிக்கும் மூன்றாம் தொகுதியில் டிரம்ப் பெற்றது நான்கில் மூன்று பங்குக்கும் மேல். ஹாரிஸுடன் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட டிம் வால்ஸ் இதே தொகுதியில் வளர்ந்தவர். வாலன்டைன், பியூட் போன்ற சிற்றூர்களில் இளமையைக் கழித்து, சாட்ரன் அரசுக் கல்லூரியில் படித்து, அலையன்ஸ் என்ற ஊரில் ஆசிரியராகவும் இருந்தவர். மண்ணின் மைந்தர் ஒருவர் நின்றும் இங்கே எதுவும் அசையவில்லை.

நான் எந்தக் கட்சிக்கு வாக்களிப்பேன் என்பது இந்தக் கேள்விக்குத் தேவையில்லை. வெல்பவருக்கே போட்டாலும் அவர் ஏற்கெனவே வென்றுவிட்டார். தோற்பவருக்குப் போட்டாலும் அவர் ஏற்கெனவே தோற்றுவிட்டார். அப்படியானால் கியர்னியில் அளிக்கப்படும் ஒரு வாக்கு எதைத் தீர்மானிக்கிறது?

இன்னொன்றும் கேட்க விரும்புகிறேன். என் அக்கம்பக்கத்தார் அன்பானவர்கள். பனிப்புயல் நாட்களில் நாங்கள் கேட்காமலேயே எங்கள் வாசலைச் சுத்தம் செய்து தருபவர்கள். நம்மவர்கள் கூடும் இடங்களில் இவர்களை "விவரம் தெரியாதவர்கள், தங்களுக்கே கேடு செய்யும் கட்சிக்கு வாக்களிப்பவர்கள்" என்று பேசுவதைக் கேட்கும்போது வருத்தமாக இருக்கிறது. இந்தக் கிராமப்புறம் ஏன் இப்படி வாக்களிக்கிறது என்பதை இங்கே வாழ்ந்து அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

---

பதில்: ஒமாஹா கிழக்கு

வணக்கம் அம்மா. உங்கள் முதல் கேள்விக்கு என்னால் இயன்றவரை விடை சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்குச் சுமார் 300 கிலோமீட்டர் கிழக்கே, அதே மாநிலத்தில், நான் அளிக்கும் வாக்கின் கதை முற்றிலும் வேறானது.

அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவில் நெப்ராஸ்காவுக்கு 5 வாக்குகள் உள்ளன. ஏனைய மாநிலங்களில் பெரும்பாலானவை, அரை சதவீத வித்தியாசத்தில் வென்றவருக்குக்கூட எல்லாத் தேர்வாளர்களையும் அப்படியே கொடுத்துவிடுகின்றன. நெப்ராஸ்காவும் மெயின் மாநிலமும் மட்டும் அவ்வாறு செய்வதில்லை. இங்கே மாநில அளவில் வென்றவருக்கு 2 வாக்குகள் போகும். எஞ்சிய 3 வாக்குகள், ஒவ்வொரு நாடாளுமன்றத் தொகுதியிலும் யார் முந்துகிறாரோ அவருக்கு ஒவ்வொன்றாகப் போகும். இதற்கான சட்டம் 1991-இல் நிறைவேறியது. மாநிலத் தலைநகரான லிங்கனைச் சேர்ந்த டயானா ஷிமெக் என்ற மாநில செனட்டர் கொண்டுவந்தார். ஆளுநர் பென் நெல்சன் கையெழுத்திட்டார். முதலில் எவரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1992 முதல் 2004 வரை நடந்த தேர்தல்களில் 5 வாக்குகளும் சேர்ந்தே குடியரசுக் கட்சிக்குப் போயின. 2008-இல்தான் ஒபாமா ஒமாஹாவை உள்ளடக்கிய இரண்டாம் தொகுதியை மிகக் குறைந்த வித்தியாசத்தில் வென்று, மாநில வரலாற்றில் முதல்முறையாகத் தேர்வாளர் வாக்குகளைப் பிரித்தார். 2012-இல் ராம்னியும் 2016-இல் டிரம்பும் அதை மீட்டார்கள். 2020-இல் பைடனும் 2024-இல் ஹாரிஸும் மறுபடி வென்றார்கள். அதாவது, அமெரிக்காவின் மிக உறுதியான பழமைவாத மாநிலங்களில் ஒன்றின் நடுவே, இரு கட்சிகளும் உண்மையாகவே போட்டியிடும் ஒரு தொகுதி இருக்கிறது.

2024 கோடையில் ஒமாஹாவின் வீட்டு முற்றங்களில் வெள்ளைப் பின்னணியில் ஒரு நீல வட்டம் மட்டும் வரைந்த பலகைகள் தோன்றத் தொடங்கின. வேட்பாளர் பெயரோ முழக்கமோ எதுவும் அதில் இல்லை. குடியரசுக் கட்சியின் நிறமான சிவப்பு நிரம்பிய வரைபடத்தில் இந்தத் தொகுதி, ஜனநாயகக் கட்சியின் நிறமான நீலத்தில் ஒரு புள்ளியாகத் தெரிவதைத்தான் அது குறித்தது. சில வாரங்களில் தெருவுக்குத் தெரு அது பரவியதைப் பார்த்தபோது, ஒரே ஒரு தேர்வாளர் வாக்குக்கு மக்கள் எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறார்கள் என்பது புரிந்தது.

அந்த ஒரு வாக்கின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஹாரிஸ் தமக்கு உறுதியான மாநிலங்களோடு பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் ஆகிய மூன்றை மட்டும் வென்றிருந்தால் அவருக்கு 269 கிடைத்திருக்கும். ஒமாஹாவையும் சேர்த்தால் வெற்றிக்குத் தேவையான 270. ஒமாஹா இல்லையென்றால் 269-269 என்ற சமநிலை. அப்போது அரசியலமைப்பின் 12-ஆவது திருத்தப்படி பிரதிநிதிகள் சபையில் மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்று எண்ணப்படும், அந்தக் கணக்கில் குடியரசுக் கட்சிக்கே பெரும்பான்மை. அதனால்தான் 2024 செப்டம்பரில் தென் கரோலைனா செனட்டர் லிண்ட்சி கிரஹாம் லிங்கன் நகருக்கே வந்து, பழைய முறைக்குத் திரும்பும்படி உள்ளூர் உறுப்பினர்களிடம் பேசினார். ஆளுநர் ஜிம் பிலன் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டத் தயாராக இருந்தார். ஆனால் 49 பேர் கொண்ட மாநிலச் சட்டமன்றத்தில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போக 33 பேர் வேண்டும். ஜனநாயகக் கட்சியிலிருந்து அதே ஆண்டு குடியரசுக் கட்சிக்கு மாறியிருந்த ஒமாஹா உறுப்பினர் மைக் மெக்டானல், தேர்தலுக்குச் சில வாரங்களே இருக்கும்போது விதியை மாற்றச் சம்மதிக்க மாட்டேன் என்று அறிவித்தார். முயற்சி அத்துடன் நின்றது.

இறுதியில் டிரம்ப் 312 பெற்றதால் அந்த ஒரு வாக்கு முடிவை மாற்றவில்லை என்பது உண்மை. ஆனாலும் இந்தச் சட்டத்தை நீக்கும் முயற்சி ஓயவில்லை. 1995-இலும் 1997-இலும் சபை நீக்க முடிவெடுத்தபோது ஆளுநர் நெல்சன் தம் அதிகாரத்தால் தடுத்தார். 2016-இல் ஒரு வாக்குக் குறைவால் தப்பியது. 2025 ஏப்ரலில் 31-18 என்ற கணக்கில், இரண்டு வாக்குக் குறைவால் தப்பியது. இது ஒவ்வொரு முறையும் தப்புவதற்கு ஒமாஹாவின் ஜனநாயகக் கட்சியினர் மட்டும் காரணமல்ல, கட்சித் தலைமையின் அழுத்தத்துக்கு இணங்காத சில குடியரசுக் கட்சி உறுப்பினர்களும் காரணம். அவர்களைத் தேர்ந்தெடுப்பதில் உங்களைப் போன்ற வாக்காளர்களுக்கும் பங்கு உண்டு.

---

பதில்: சோளக்காட்டு வழி

ஒமாஹா நண்பர் முதல் கேள்வியைத் தெளிவாக விளக்கிவிட்டார். நான் இரண்டாவதைப் பற்றி எழுதுகிறேன். என் பணி வேளாண்மை சார்ந்தது. மாநிலத்தின் மேற்கிலும் நடுவிலும் உள்ள விவசாயிகளோடும் கூட்டுறவு அமைப்புகளோடும் நெடுங்காலம் பழகியிருக்கிறேன். "விவரம் தெரியாதவர்கள்" என்ற பேச்சு எனக்கும் வேதனை தருகிறது. அது தவறு என்பதற்கு இந்த மண்ணின் வரலாறே சான்று.

1892-இல் பாப்புலிஸ்ட் கட்சி தன் முதல் தேசிய மாநாட்டை நடத்தித் தன் கொள்கை அறிக்கையை வெளியிட்டது ஒமாஹாவில்தான். இரயில் நிறுவனங்களும் வங்கிகளும் தங்களைக் கசக்கிப் பிழிகின்றன என்று கொதித்தெழுந்த விவசாயிகளின் இயக்கம் அது. இரயில்வேயை அரசுடைமையாக்க வேண்டும், வருமானத்துக்கு ஏற்ப ஏறும் வரி வேண்டும் என்றெல்லாம் அவர்கள் அன்றே கேட்டார்கள். மூன்று முறை ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் லிங்கன் நகரத்தவர். மெக்குக் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஜார்ஜ் நாரிஸ் குடியரசுக் கட்சியின் செனட்டராக இருந்துகொண்டே ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை ஆதரித்தார். 1936-இல் சுயேச்சையாக நின்று வென்றார். டென்னசி பள்ளத்தாக்கு மின்திட்டத்துக்கும் கிராமப்புற மின்மயமாக்கல் சட்டத்துக்கும் முன்னின்று உழைத்தார். இன்றைக்கும் நெப்ராஸ்காவில் மின்சாரம் வழங்குபவை அனைத்தும் பொதுத்துறை மின்வாரியங்களும் கூட்டுறவுகளும்தான், அமெரிக்காவில் வேறு எந்த மாநிலத்துக்கும் இந்த நிலை இல்லை. டிரம்புக்கு நான்கில் மூன்று பங்கு வாக்களிக்கும் ஊர்களில், தனியாருக்கு மின்சாரத்தைக் கொடுக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். கடுமையான எதிர்ப்புதான் வரும்.

அண்மைக்காலம்வரைகூட இந்த மாநிலம் ஒரே நிறத்தில் இருந்ததில்லை. 1989 முதல் 1997 வரை நெப்ராஸ்காவின் இரண்டு செனட்டர்களும் ஜனநாயகக் கட்சியினர், ஜேம்ஸ் எக்ஸனும் பாப் கெர்ரியும். பென் நெல்சன் 1994-இல் மீண்டும் ஆளுநராக வென்றபோது பெற்ற பெரும்பான்மை மிகப் பெரியது. அதிபருக்கு ரீகன், புஷ் என்று வாக்களித்த அதே கைகள்தாம் இவர்களையும் தேர்ந்தெடுத்தன. வேட்பாளர் யார், அவர் நம்மை அறிவாரா, நம் ஊர்த் திருவிழாவுக்கு வந்து மக்களோடு நின்றாரா என்று பார்த்து வாக்களித்த காலம் அது.

அது ஏன் முடிந்தது? பலரும் ஒரே காரணத்தைச் சொல்லப் பார்க்கிறார்கள். என் அனுபவத்தில் பல காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்ந்தன. 1980-களின் பண்ணைக் கடன் நெருக்கடியில் எத்தனையோ குடும்பங்கள் நிலத்தை இழந்து வெளியேறின. பிள்ளைகள் ஒமாஹாவுக்கோ டென்வருக்கோ போனார்கள். எஞ்சியவர்கள் வயதானவர்கள், சொத்து வைத்திருப்பவர்கள். இங்கே பள்ளிகளுக்கான செலவு பெருமளவு சொத்துவரியை நம்பியிருப்பதால், நிலம் வைத்திருப்பவருக்கு வரி என்பது கொள்கை விவாதமல்ல, ஆண்டுதோறும் கையிலிருந்து போகும் பணம். கருக்கலைப்பு விவகாரத்தில் கத்தோலிக்க, லூத்தரன் திருச்சபைகள் வலுவாக உள்ள ஊர்களில் மக்கள் உளமாரக் கொண்ட நம்பிக்கை ஒரு கட்சியின் பக்கம் மட்டுமே இடம் பெற்றது. 2009 டிசம்பரில் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்கு நெல்சன் அளித்த வாக்கு அவருடைய செல்வாக்கை அடியோடு தகர்த்தது. அவர் 2012-இல் போட்டியிடவே இல்லை. அதன்பிறகு உள்ளூர் ஜனநாயகக் கட்சிக்காரர் எவராக இருந்தாலும், வாஷிங்டனில் இருக்கும் கட்சியின் முகமாகவே மக்கள் அவரைப் பார்க்கிறார்கள்.

"தங்களுக்கே கேடு செய்யும் கட்சி" என்ற வாதத்துக்கு வருகிறேன். 2018-இல் டிரம்ப் விதித்த இறக்குமதி வரிகளுக்குப் பதிலடியாகச் சீனா அமெரிக்கச் சோயாபீன்ஸ் மீது 25 சதவீத வரி விதித்தது. விலை வீழ்ந்தது. நெப்ராஸ்கா விவசாயிகள் பட்ட பாட்டை நான் நேரில் பார்த்தேன். ஆனால் மத்திய அரசு 2018, 2019 இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து 2800 கோடி டாலர் நிவாரணம் அறிவித்தது. பணம் நேரடியாகக் கணக்கில் வந்தது. "எங்களை இதுவரை எவரும் பொருட்படுத்தவில்லை, இவர் சீனாவோடு எங்களுக்காக மோதுகிறார், இழப்பையும் ஈடுகட்டுகிறார்" என்று பலர் உண்மையாகவே நம்பினார்கள். அந்த நம்பிக்கையோடு எனக்கு உடன்பாடு இல்லை. இழந்த சந்தையில் ஒரு பகுதியைப் பிரேசில் எடுத்துக்கொண்டது, நிவாரணத்தால் சந்தை திரும்பி வராது. ஆனால் அவர்கள் கணக்குப் போடாமல் வாக்களிக்கிறார்கள் என்பதை நான் ஏற்க மாட்டேன். அவர்களுடைய கணக்கில் பணத்தோடு சேர்த்து வேறு பலவும் இடம்பெறுகின்றன.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. கிராமப்புறம் என்றதும் நம் மனத்தில் விவசாயிதான் தோன்றுகிறார். மூன்றாம் தொகுதி தமிழ்நாட்டின் பரப்பைவிடப் பெரியது. மாநிலப் பரப்பில் பெரும்பகுதி அதுவே. அங்கே வாக்களிப்பவர்களில் உழவர்கள் சிறுபான்மையினர். பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் வேலை செய்வோர், நார்த் பிளாட் இரயில்வே யார்டின் தொழிலாளர்கள், லெக்சிங்டன், கிராண்ட் ஐலண்ட் இறைச்சி ஆலைகளைச் சுற்றி வாழ்வோர் என்று பலரும் இருக்கிறார்கள். அந்த ஆலைகள் லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் பின்னர் சோமாலியாவிலிருந்தும் வந்தவர்களால் இயங்கி வந்தவை; அவற்றில் லெக்சிங்டன் ஆலை 2026 தொடக்கத்தில் மூடப்பட்டது. 2006-இல் கிராண்ட் ஐலண்ட் ஆலையில் நடந்த குடிவரவுச் சோதனையும், உரிய ஆவணம் இல்லாதவர்களுக்கு வீடு வாடகைக்கு விடக் கூடாது என்று 2010-இல் அண்டைத் தொகுதியின் ஃப்ரீமான்ட் நகர மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய விதியும் அந்த ஊர்களில் ஆறாத வடுக்களை விட்டுச் சென்றன. வந்தவர்களுடைய பிள்ளைகள் இப்போது வாக்காளர்கள். இன்னும் வடக்கே, ஒமாஹா, வின்னிபேகோ பழங்குடியினரின் நிலங்களைக் கொண்ட தர்ஸ்டன் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) 2008, 2012 இரண்டு முறையும் ஒபாமாவைத் தேர்ந்தெடுத்தது. தொலைக்காட்சியில் தெரியும் சிவப்பு வரைபடத்தில் இவையெல்லாம் மறைந்துபோகின்றன.

---

பதில்: கிழக்குக் கரையோரன்

மேலே எழுதிய இருவரையும் மதிக்கிறேன். ஆனாலும் ஒமாஹா நண்பர் தொகுதிவாரி முறையைப் போற்றும் விதத்தை ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

இந்த முறை நாடு முழுவதும் வந்தால் நியாயம் கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். 2012-ஐ எடுத்துக்கொள்வோம். ஒபாமா நாடு முழுவதும் சுமார் 50 இலட்சம் வாக்குகள் அதிகம் பெற்று வென்றார். ஆனால் தொகுதிகளை எண்ணினால் ராம்னி முந்தியது 226-இல், ஒபாமா 209-இல். நெப்ராஸ்கா முறையை எல்லா மாநிலங்களும் பின்பற்றியிருந்தால் ராம்னி 274-264 என்ற கணக்கில் அதிபராகியிருப்பார். தொகுதி எல்லைகளை வரைபவர் யாரோ அவரே அதிபரையும் தேர்ந்தெடுக்கும் நிலை அது. நெப்ராஸ்காவிலேயே இது நடந்திருக்கிறது. 2008-இல் ஒமாஹா கைநழுவியதும், 2011 எல்லை மறுவரையறையில் பெல்வியூ பகுதியை இரண்டாம் தொகுதியிலிருந்து பிரித்து முதல் தொகுதியில் சேர்த்தார்கள். 2021-இல் ஒமாஹா இருக்கும் டக்ளஸ் கவுண்டியையே இரண்டாகப் பிளக்கும் வரைவு வந்தது. சபையில் எண்ணிக்கை குறைந்த ஜனநாயகக் கட்சியினர் விவாதத்தை நீட்டித்ததால்தான் அது கைவிடப்பட்டது.

கேள்வி கேட்ட சகோதரிக்கு நேரடியாகச் சொல்கிறேன்: அதிபர் தேர்தலைப் பொறுத்தவரை மூன்றாம் தொகுதியில் உங்கள் வாக்கு தேர்வாளர் எண்ணிக்கையை மாற்றப் போவதில்லை. அதை இனிப்புப் பூசிச் சொல்வது உங்களை ஏமாற்றுவதாகும். இது பழமைவாத மாநிலங்களின் குறை மட்டுமல்ல. கலிபோர்னியாவில் குடியரசுக் கட்சிக்கு வாக்களிக்கும் இலட்சக்கணக்கானோர் நிலையும் இதுதான். தீர்வு நாடு முழுவதும் ஒரே எண்ணிக்கை, அதிக வாக்குப் பெற்றவர் அதிபர் என்பதே. அதற்காக மாநிலங்களிடையே ஓர் உடன்படிக்கை இருக்கிறது. நெப்ராஸ்கா அதில் சேரவில்லை.

---

பதில்: ஒமாஹா கிழக்கு

நாடு முழுவதற்கும் இந்த முறை உகந்தது என்று நான் சொல்லவில்லை ஐயா. எல்லை வரைபவர்களின் கையில் அதிபர் பதவி போய்விடும் என்ற உங்கள் அச்சம் நியாயமானது. நான் சொல்ல வந்தது வேறு. தேசிய அளவில் ஒரே எண்ணிக்கை வரும்வரை, ஒமாஹா மக்களிடம் அதிபர் வேட்பாளர்கள் வந்து பேசுவதற்கான ஒரே காரணம் இந்தச் சட்டம். 2024 ஆகஸ்டில் வால்ஸ் ஒமாஹாவை ஒட்டிய லா விஸ்டாவில் பொதுக்கூட்டம் நடத்தினார். விளம்பரங்களுக்கு இரு தரப்பும் பணம் செலவிட்டன. ஐந்து வாக்குகளும் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தால் எந்த வேட்பாளரும் இந்த மாநிலத்தைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார், குடியரசுக் கட்சியினர் உட்பட. கியர்னியின் பழமைவாத வாக்காளரையும் அப்போது எவரும் கேட்கமாட்டார்கள். கையில் இருப்பதை விட்டுவிட்டு, வராத சீர்திருத்தத்துக்காகக் காத்திருக்க எனக்கு மனமில்லை.

---

கேள்வி கேட்டவர்: கியர்னிவாசி

அனைவருக்கும் உளமார்ந்த நன்றி. மின்வாரியங்கள் பற்றி எழுதியதைப் படித்த பிறகு என் ஊரையே வேறு கண்ணால் பார்க்கிறேன்.

ஒரு துணைக் கேள்வி. எங்கள் பகுதியில் பெரும்பாலான பதவிகள் மே மாதத்தில் நடக்கும் குடியரசுக் கட்சி வேட்பாளர் தேர்விலேயே தீர்மானமாகிவிடுகின்றன என்று என்னுடன் பணிபுரிபவர் ஒருவர் சொன்னார். வாக்காளர் பட்டியலில் எந்தக் கட்சியையும் சேராதவராகப் பதிவு செய்யவே எனக்கு விருப்பம். அப்படிச் செய்தால் உண்மையான தேர்தலிலிருந்து நானே விலகி நிற்பதாகுமா?

---

பதில்: லிங்கன் தெற்கு

அக்கா, உங்களுடன் பணிபுரிபவர் சொன்னதில் பாதி உண்மை.

2022-இல் ஆளுநர் பதவிக்கான குடியரசுக் கட்சி வேட்பாளர் தேர்வு நல்ல எடுத்துக்காட்டு. டிரம்ப் ஆதரித்த சார்ல்ஸ் ஹெர்ப்ஸ்டர், ஜிம் பிலன், பிரெட் லிண்ட்ஸ்ட்ராம் என்று மும்முனைப் போட்டி. பிலன் மூன்றில் ஒரு பங்கு வாக்குகளை வைத்தே வென்றார், நவம்பரில் நடந்தது வெறும் சடங்கு. அந்தத் தேர்வில் பங்கெடுப்பதற்காகவே பிற கட்சியினர் சில ஆயிரம் பேர் குடியரசுக் கட்சியில் பதிவை மாற்றிக்கொண்டார்கள். கட்சி சாராதவராகப் பதிவு செய்தால், அமெரிக்க செனட், பிரதிநிதிகள் சபை ஆகியவற்றுக்கான வாக்குச்சீட்டைக் கேட்டு வாங்கலாம். ஆளுநருக்கும் அதிபருக்குமான குடியரசுக் கட்சித் தேர்வில் பங்கெடுக்க முடியாது.

மற்றொரு பாதியைச் சொல்கிறேன். நெப்ராஸ்காவின் சட்டமன்றம் 1937 முதல் ஒரே அவை கொண்டது. நாரிஸ் ஊர் ஊராகச் சென்று பிரசாரம் செய்ததால் 1934-இல் மக்கள் வாக்களித்து உருவாக்கியது. அதன் உறுப்பினர் தேர்தலில் வாக்குச்சீட்டில் கட்சியின் பெயர் இருக்காது. மே மாதத்தில் எல்லா வாக்காளர்களும் வாக்களிப்பார்கள். முதல் இரண்டு இடம் பெறுபவர்கள், ஒரே கட்சியினராக இருந்தாலும், நவம்பரில் மோதுவார்கள். மூன்றாம் தொகுதியில் அடிக்கடி நிகழ்வது கட்டுப்பெட்டியான பழமைவாதிக்கும் தனித்துச் சிந்திக்கும் பழமைவாதிக்கும் இடையிலான போட்டி. அதில் யார் வெல்வது என்பதை மற்ற வாக்காளர்களும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறார்கள். தேர்வாளர் சட்டம் இரண்டு வாக்குகளில் தப்பும் ஒரு சபையில் இது சிறிய விஷயமே அல்ல. மின்வாரிய இயக்குநர்கள், பல்கலைக்கழக ஆட்சிக்குழு, நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்தும் இயற்கை வள மாவட்டங்கள் ஆகியவற்றுக்கும் இதே வழியில் கட்சிச் சின்னமின்றித் தேர்தல் நடக்கிறது. சோளமும் சோயாவும் பாசனக் கிணறுகளை நம்பி நிற்கும் உங்கள் பகுதியில், அந்த நீர்க்குழுவின் முடிவு எந்த அதிபரின் ஆணையைவிடவும் விரைவாக வயலுக்கு வந்து சேரும்.

அதற்கும் மேலாக மக்கள் முன்மொழிவுகள் இருக்கின்றன. கையெழுத்துத் திரட்டிச் சட்டத்தையே வாக்குச்சீட்டில் ஏற்றலாம். 93 கவுண்டிகளில் 38-இலாவது வாக்காளர்களில் 5 சதவீதத்தினர் கையெழுத்திட வேண்டும் என்பதால் ஒமாஹாவும் லிங்கனும் மட்டும் சேர்ந்து எதையும் கொண்டுவர முடியாது. இந்த வழியில்தான் 2018-இல் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடாகிய மெடிக்கெய்ட் விரிவாக்கமும், 2022-இல் குறைந்தபட்ச ஊதியத்தைப் படிப்படியாக 15 டாலருக்கு உயர்த்தும் சட்டமும், 2024-இல் ஊதியத்துடன் கூடிய நோய் விடுப்பும் நிறைவேறின. டிரம்ப் 20 புள்ளி வித்தியாசத்தில் வென்ற அதே நாளில், அதே வாக்குச்சீட்டில், நோய் விடுப்புக்கு ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் ஆதரவளித்தார்கள். இது ஒருவழிப் பாதையும் அல்ல: 2015-இல் சட்டமன்றம் நீக்கிய மரண தண்டனையை 2016-இல் மக்கள் வாக்களித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள், 2024-இல் முதல் மூன்று மாதங்களுக்குப் பிந்தைய கருக்கலைப்புக்கான தடையை அரசியலமைப்பிலேயே எழுதினார்கள். மக்கள் நிறைவேற்றியதைச் சட்டமன்றம் பின்னர் வெட்டிக் குறைப்பதும் நடக்கிறது; நோய் விடுப்புச் சட்டத்தை அடுத்த ஆண்டே சுருக்கினார்கள். எனவே முன்மொழிவுக்கு வாக்களிப்பதோடு நில்லாமல், அதைக் காக்கும் உறுப்பினர் யார் என்பதையும் கவனிக்க வேண்டும்.

டான் ஆஸ்போர்னையும் சொல்லியாக வேண்டும். ஒமாஹாவில் உள்ள கெல்லாக்ஸ் ஆலையில் இயந்திரப் பராமரிப்புத் தொழிலாளியாக இருந்து 2021 வேலைநிறுத்தத்தை வழிநடத்தியவர். 2024-இல் இரு கட்சிகளின் ஆதரவையும் தவிர்த்துச் சுயேச்சையாகச் செனட்டுக்கு நின்றார். டெப் ஃபிஷர் வென்றார்தான், ஆனால் டிரம்பின் 20 புள்ளி முன்னிலை அவருக்கு 7 புள்ளிக்கும் குறைவாகச் சுருங்கியது. அதிபருக்கு டிரம்பையும் செனட்டுக்கு ஆஸ்போர்னையும் குறித்த வாக்குச்சீட்டுகள் உங்கள் தொகுதியிலும் ஏராளமாக இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கணக்கு வராது.

---

பதில்: சோளக்காட்டு வழி

பதிவு விஷயத்தில் மட்டும் லிங்கன் தம்பியோடு சற்று வேறுபடுகிறேன். உங்கள் மனச்சான்றுக்கு உறுத்தல் இல்லையென்றால், குடியரசுக் கட்சியில் பதிவு செய்துகொள்வதே கியர்னியில் அதிகப் பயன் தரும் என்பது என் கருத்து. பதிவு என்பது உறுதிமொழி அல்ல. நவம்பரில் எவருக்கும் வாக்களிக்கலாம். சிறு கவுண்டிகளில் ஷெரிஃபும் கவுண்டி ஆணையரும்கூடப் பெரும்பாலும் மே மாதத்திலேயே முடிவாகிவிடுகிறார்கள். ஆனால் வேறொரு கட்சியின் பெயரைத் தாங்குவது உங்களுக்குச் சங்கடம் தருமானால் அதைச் செய்ய வேண்டாம். சட்டமன்றத் தேர்வும் நீர்க்குழுத் தேர்வும் எப்படியும் உங்களுக்குத் திறந்தே இருக்கின்றன.

வாக்களிக்கப் போகும்போது புகைப்பட அடையாள அட்டை கட்டாயம் என்பதை நினைவில் வையுங்கள். 2022-இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த விதி அது, 2024 முதல் நடைமுறையில் உள்ளது. புதிதாகக் குடியுரிமை பெற்றவர்கள் ஓட்டுநர் உரிமத்தில் உள்ள பெயரும் பதிவில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் வைத்து எழுதும் நம் வழக்கத்தால் நம்மவர்கள் சிலர் கவுண்டி அலுவலகத்துக்கு இரண்டாம் முறை போக நேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.